மறைதல்: ஒரு சொல்லும் அதன் திரையும்

கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு குறளைக் காட்டி, “அத்தை, இதுல யாரு செத்துப்போனது?” என்று கேட்டாள். அது 1138-ஆவது குறள்:

நிறையரியர் மன்அளியர் என்னாது காமம்
மறையிறந்து மன்று படும்.

அந்தக் குறளில் யாரும் சாகவில்லை. ஆனாலும் அவள் கேட்டது நியாயம்தான். ‘மறைந்தார்’ என்றாலும் சாவு, ‘இறந்தார்’ என்றாலும் சாவு என்றே பார்த்து வளர்ந்தவளுக்கு, ‘மறையிறந்து’ என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன தோன்றும்?

பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், ‘மறை’ என்ற சொல்லை நாம் எவ்வளவு மேலோட்டமாகப் புழங்குகிறோம் என்பது உறைத்தது. மறைதல் என்றால் இல்லாமல் போவது என்கிறார்கள் சிலர். மறை என்றால் வேதம், அதற்கும் மறைதலுக்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. இந்தக் குறளை அப்புறம் பார்ப்போம். முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை

கண்ணாமூச்சி விளையாட்டில் ஒரு குழந்தை கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. இன்னொரு குழந்தை தேடுகிறது. இங்கே மூன்று பேர் வேண்டும்: நிற்கும் குழந்தை, கதவு, தேடும் கண். கதவு திறந்துவிட்டால் மறைவு இல்லை. தேட ஆளே இல்லையென்றால், அந்தக் குழந்தை சும்மா கதவருகே நிற்கிறது, அவ்வளவுதான். குழந்தையே அங்கே இல்லையென்றாலும் மறைவு என்ற பேச்சுக்கு இடமில்லை.

பொருள், திரை, பார்வை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மறைதல். தின்று முடித்த மிட்டாயை மறைந்தது என்று யாரும் சொல்வதில்லை, தீர்ந்தது என்கிறோம். கோடையில் குளத்துத் தண்ணீர் வற்றியது என்கிறோம். நம் நாக்குக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். விளக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறோம்.

‘ஒளிதல்’ இதற்குப் பக்கத்துச் சொல். ஆனால் ஒளிவதற்கு மனது வேண்டும். திருடன் ஒளிவான், பூனை ஒளியும். சூரியன் ஒளிந்தது என்றால் அது கவிதை. சூரியன் மறைந்தது என்றால் அது மாலை ஆறு மணி. மறைவதற்கு எண்ணம் தேவையில்லை, நடுவில் ஒரு திரை வந்தால் போதும்.

சூரியன் மறையும்போது அந்தத் திரை எது? நாம் நிற்கும் பூமிதான். பூமி சுழன்று தன் உடம்பையே நமக்கும் சூரியனுக்கும் நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. சூரியனின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடுவதுபோலத் தெரிகிறதே, அந்த நேரத்தில் சூரியன் முழுவட்டமாக ஏற்கனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றுமண்டலம் ஒளியை வளைத்து நம் கண்ணுக்குக் கொண்டுவருவதால்தான் இன்னும் சில நிமிடம் அதைப் பார்க்கிறோம். மறைந்த பிறகும் தெரிகிறது! பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, கண்ணுக்குத் தெரிகிறதா என்பது வேறு கேள்வி. மறைதல் இரண்டாவது கேள்வியைச் சேர்ந்தது.

அக்கம்பக்கத்து மொழிகளில்

ஒரு சொல்லிலிருந்து விகுதிகளையும் இடைநிலைகளையும் கழற்றிவிட்டால் மிஞ்சும் அடிப்பகுதியை வேர்ச்சொல் என்று வைத்துக்கொள்வோம். ‘மறை’ திராவிட மொழிகளுக்குப் பொதுவான ஒரு வேர். மலையாளத்தில் ‘மற’ என்றால் தடுப்பு, திரை. கன்னடத்தில் ‘மரெ’ என்றால் மறைப்பு, ஒதுங்கிடம். கண்ணில் படாமல் போவதைக் கன்னடத்தார் ‘கண்மரெ’ என்கிறார்கள். தெலுங்கிலும் அதே கட்டுமானம்தான்: ‘கனுமருகு’. கண்ணும் திரையும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன.

இந்த இரண்டு சொற்களையும் பாருங்கள். மூன்று பேரில் இரண்டு பேர், பார்வையும் திரையும், சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் நாம் ‘கண்’ணை விட்டுவிட்டு ‘மறை’யை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒருவேளை அதனால்தான் யாருடைய கண்ணுக்கு மறைந்தது என்று கேட்கும் பழக்கம் நமக்குக் குறைந்துபோனதோ என்று தோன்றும்.

வள்ளுவர் திரையை விடவில்லை. போலித் துறவியைப் பற்றிச் சொல்லும்போது,

தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து
வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று

என்கிறார் (274). வேடன் புதருக்குப் பின்னால் மறைந்து பறவையைப் பிடிக்கிறான். துறவி தவக்கோலத்துக்குப் பின்னால் மறைந்து தகாததைச் செய்கிறான். வேடனுக்குத் திரை புதர். துறவிக்குத் திரை தவம். பறவைக்கு வேடன் தெரியாது. ஆனால் அவன் அங்கேயேதான் இருக்கிறான். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

இதுவரை பார்த்தது: மறைதல் என்பது பொருள் இல்லாமல் போவதைச் சொல்லவில்லை. பொருளுக்கும் பார்வைக்கும் நடுவே ஒன்று வந்து நிற்பதைச் சொல்கிறது.

மறைந்தது, மறைத்தது

அடுத்து ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். ‘மறைந்தது’ என்றால் செயல் அந்தப் பொருளோடு முடிகிறது. ‘மறைத்தது’ என்றால் ஒன்று இன்னொன்றின் மேல் அந்தச் செயலைச் செய்கிறது. முதலாவதைத் தன்வினை என்றும் இரண்டாவதைப் பிறவினை என்றும் இலக்கணம் சொல்லும். உடைந்தது–உடைத்தது, குறைந்தது–குறைத்தது எல்லாம் இதே வாய்ப்பாடு. நடுவில் ‘ந்த்’ வந்தால் தானாக நடந்ததுபோல, ‘த்த்’ வந்தால் யாரோ செய்தது.

இந்த ஒற்றெழுத்தை வைத்துத் திருமூலர் ஒரு பெரிய விஷயத்தையே சொல்லிவிட்டார்:

மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தில் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தது பார்முதல் பூதம்
பரத்தில் மறைந்தது பார்முதல் பூதமே.

மரத்தில் செய்த ஒரு யானை. யானை என்று பார்த்தால் மரம் கண்ணில் படுவதில்லை. யானை மரத்தை மறைத்துவிட்டது. மரம் என்று பார்த்தால் யானை போய்விடுகிறது. யானை மரத்தில் மறைந்துவிட்டது. உலகமும் இறைவனும் அப்படித்தான் என்பது அவர் சொல்லவந்த தத்துவம். நமக்கு இங்கே வேண்டியது அந்த மரயானை. அதன் உருவத்தில் ஒரு துளிகூட மாறவில்லை. அதே கட்டை, அதே தும்பிக்கை. மாறியது பார்வை மட்டும்தான். மறைதலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

தன்வினையா பிறவினையா என்பது வெறும் இலக்கண வகுப்பு விஷயம் இல்லை. இலங்கையில் போர்க்காலத்திலும் அது முடிந்த 2009-லும் பிள்ளைகளையும் கணவர்களையும் தொலைத்த தமிழ்க் குடும்பங்கள், ‘காணாமல் போனோர்’ என்று சொல்வதை ஏற்பதில்லை. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றே சொல்கிறார்கள். ‘போனோர்’ என்றால் தாமாகப் போனவர்கள் என்றாகிவிடும். ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பதில் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார்கள் படங்களை ஏந்திக்கொண்டு வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: எங்கே? மறைதலுக்கு உரிய கேள்வி அது. இல்லாமல் போனதைப் பற்றி யாரும் ‘எங்கே’ என்று கேட்பதில்லை. ஒரு வினைச்சொல்லைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர்களிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

அழிவது வேறு

மறைதலையும் அழிதலையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நடராசர் திருமேனியே சாட்சி. சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இரண்டும் ஒன்றென்றால் நான்கு தொழிலோடு நின்றிருக்குமே. உண்மை விளக்கம் என்ற சாத்திர நூல் ஒவ்வொன்றையும் உருவத்தில் சுட்டிக் காட்டுகிறது. துடி (உடுக்கை) ஏந்திய கை படைப்பு, ‘அஞ்சாதே’ என்று அமைத்த கை காப்பு, தீ ஏந்திய கை அழிப்பு. முயலகன் மேல் அழுத்தி ஊன்றிய கால் மறைப்பு. தூக்கிய கால் அருள். அடுத்த முறை நடராசரைப் பார்க்கும்போது தீயையும் ஊன்றிய பாதத்தையும் தனித்தனியாகக் கவனித்துப் பாருங்கள். உயிர் பக்குவப்படும்வரை உண்மையைத் திரையிட்டு வைப்பதுதான் அந்தப் பாதத்தின் வேலை.

உண்மையிலேயே இல்லாமல் போவதைச் சொல்லத் தமிழில் ‘மாய்’ என்ற வினை இருக்கிறது. புறநானூறு 165, “மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந் தனரே” என்கிறது. நிலையில்லாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் தம் புகழை நிறுத்திவிட்டுத் தாம் மாய்ந்தார்கள். புகழ் நின்றது, ஆள் முடிந்தார். அங்கே ‘மறைந்தனரே’ என்று போட்டால் அந்த அடியின் கனம் போய்விடும்.

சுருக்கமாக: மறைந்தது திரும்பத் தெரியலாம். மாய்ந்தது திரும்பாது.

மறை எப்படி வேதமானது?

‘அடி’, ‘இடி’ போல வினையின் பகுதி அப்படியே பெயராக நிற்பது உண்டு. ‘மறை’யும் அப்படிப் பெயரானது. முதலில் அது மறைக்கும் செயலுக்குப் பெயர். பிறகு மறைக்கப்பட்ட பொருளுக்கே பெயராகிவிட்டது. பொங்குவது செயல், ஆனால் நாம் உண்பதும் பொங்கல்தான் இல்லையா? செயலின் பெயர் அந்தச் செயலால் வந்த பொருளுக்கு ஆகிவருவதைத் தொழிலாகுபெயர் என்பார்கள்.

அந்த வழியில் ‘மறை’ என்றால் ரகசியம். கயவர்கள் தாங்கள் கேட்ட மறையை ஊரெல்லாம் போய்ச் சொல்வதால் அடிக்கப்படும் பறையைப் போன்றவர்கள் என்று குறள் 1076 சொல்கிறது. அங்கே மறை என்பது யாரோ நம்பிச் சொன்ன ரகசியம், வேதம் இல்லை. அதே நூலில் 28-ஆவது குறளில் “நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்” என்று வரும்போது மந்திரம் என்ற பொருள். ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன.

ரகசியத்திலிருந்து வேதத்துக்கு ஒரு அடிதான். வேதம் வாய்வழியாக, ஆசிரியரிடமிருந்து மாணவனுக்குக் காதில் போனது. குறுந்தொகை 156 அதை ‘எழுதாக் கற்பு’ என்கிறது. பொருளும் மேலே மிதப்பதில்லை. உள்ளே இறங்கித் தேட வேண்டும். உள்ளே இருப்பது, எல்லோர் கண்ணிலும் படாதது, ஆகவே மறை. திரை, பார்வை, பொருள் என்ற அதே மூவர்தான் இங்கேயும்.

இந்தப் பொருள் ஊர்ப்பெயர், ஆள்பெயர் வரைக்கும் போயிற்று. வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. வேதம் மறை, ஆரண்யம் காடு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது அந்த ஊரின் கதை. நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த சுவாமி வேதாசலம், 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது தன் பெயரையும் மாற்றிக்கொண்டார். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள்: மறைமலை அடிகள்.

பிறகு இந்தச் சொல் ஒரு சமயத்தோடு நிற்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு விவிலியம் திருமறை, முஸ்லிம்களுக்குக் குர்ஆன் திருமறை. கத்தோலிக்கத் திருச்சபையில் மறைமாவட்டம், மறைக்கல்வி, மறைசாட்சி (நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவர்) என்று ஒரு குடும்பமே இருக்கிறது. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தை ‘மறைசாட்சி’ என்றுதான் தமிழில் அழைக்கிறார்கள். திருக்குறளுக்கோ ‘உலகப் பொதுமறை’ என்று பெயர். வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் பொதுவான ரகசியம் என்றல்லவா வருகிறது! அதற்குள் ‘மறை’ என்றால் புனித நூல் என்பது அவ்வளவு ஊறிப்போய்விட்டது. உள்ளே இருந்த திரை தேய்ந்துவிட்டது.

மறைந்தார், இறந்தார்

சரி, சாவுக்கு வருவோம். அமங்கலமான ஒன்றை நல்ல சொல்லால் சொல்வதை இலக்கணம் மங்கலம் என்கிறது. செத்தார் என்பதற்குத் துஞ்சினார், அதாவது உறங்கினார் என்றார்கள். இயற்கை எய்தினார், காலமானார் என்பதெல்லாம் இந்த வகைதான். ‘மறைந்தார்’ என்பதும் அப்படிச் சொன்ன ஒரு மெல்லிய சொல். அவர் இல்லை என்று சொல்ல வாய் வராதபோது, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறார் என்று சொல்லிக்கொள்வது. காலம் போகப்போக அந்த ஆறுதல் தேய்ந்து, செத்தார் என்பதற்கு நேர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது.

‘இறந்தார்’ கதையும் இதேதான். இறத்தல் என்றால் கடத்தல். ‘இறந்த காலம்’ என்றால் செத்துப்போன காலம் இல்லை, கடந்துபோன காலம். ‘அளவிறந்த அன்பு’ என்று இன்றும் எழுதுகிறோம். அளவைக் கடந்த அன்பு. ஒருவர் இந்த எல்லையைக் கடந்து போய்விட்டார் என்பதைத்தான் இறந்தார் என்றார்கள்.

இப்போது அண்ணன் மகளின் குறளை எடுத்துக்கொள்ளலாம். மறை என்றால் மறைவு. இறந்து என்றால் கடந்து. மன்று என்றால் ஊர் கூடும் பொதுவிடம். “இவர் மன உறுதி உள்ளவர், இரக்கத்துக்கு உரியவர் என்றெல்லாம் பாராமல், காமம் மறைவைக் கடந்து ஊர் நடுவே வந்துவிடுகிறது” என்கிறாள் தலைவி. உள்ளே பொத்திவைத்த ஒன்று திரையைத் தாண்டி வெளியே வருவதைச் சொல்லும் குறள் அது. சாவுக்கு நேரெதிர்.

எழுதிக் காட்டியதும் அவள் அந்த இரண்டாம் அடியைத் திரும்பவும் வாய்விட்டுப் படித்தாள். “அப்போ ரெண்டு வார்த்தையும் உயிரோடதான் இருந்திருக்கு” என்றாள்.

இன்றைய மறைகள்

இந்த வேர் இன்னும் துளிர்த்துக்கொண்டே இருக்கிறது. அரசுக்குக் கட்டுபவர் ஒருவர், சுமையைத் தாங்குபவர் இன்னொருவர் என்பதால் சரக்கு சேவை வரி மறைமுக வரி. ஒரு பொருளை உண்டாக்கச் செலவாகி, அந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தண்ணீருக்குச் சூழலியல் எழுத்தாளர்கள் மறைநீர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அரிசியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். எவ்வளவு அழகான சொல்லாக்கம்!

செய்தியை உரியவர் மட்டும் படிக்கும்படி மாற்றி அனுப்புவதை மறைகுறியாக்கம் என்கிறோம். நடுவில் ஒருவர் அந்தச் செய்தியைப் பிடித்தால் எழுத்துக்கூட்டம் அவர் கண்ணுக்குத் தெரியும், பொருள்தான் தெரியாது. இங்கே திரை விழுவது பொருளின் மேல். சாவி உள்ளவருக்கு மட்டும் திரை விலகும்.

குழப்பம் அதிகம் இருப்பது இணைய உலாவியில் வரும் ‘மறைநிலை’ (incognito) வசதியில்தான். அதைப் போட்டுவிட்டால் தான் பார்ப்பது யாருக்குமே தெரியாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். மூன்று பேரை நினைத்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும். பொருள், நீங்கள் பார்த்த பக்கங்களின் பட்டியல். திரை, சாளரத்தை மூடியதும் அந்தப் பட்டியலை உங்கள் கருவியில் சேமிக்காமல் விடுவது. பார்வை, உங்களுக்குப் பிறகு அதே கருவியை எடுப்பவருடையது. அவர் கண்ணுக்கு மட்டும்தான் மறைகிறது. நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும், அலுவலக வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவருக்கும் எந்தத் திரையும் போடப்படவில்லை. அவர்கள் கதவுக்குப் பின்னால், அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.